சுத்தமாகக் கழுவிய பானைகள்

அந்த அக்காவுக்குக் கோபம் வந்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள்.

கத்துகிறவர்கள் எங்களுக்குப் பழக்கம். வேலை வாங்கும் தண்டல் கத்துவார், கணக்கெழுதும் கிராணி கத்துவார், சம்பள நாளன்று வரிசை வீடுகளான லயமே கத்தும். கத்தி முடித்தால் கோபமும் முடிந்துவிடும். மறுநாள் அதே ஆள் அதே வீட்டு வாசலில் நின்று தீப்பெட்டி கேட்பான். அக்கா கத்தமாட்டார். "அப்படியா?" என்பார். அதோடு சரி. அந்த "அப்படியா" யார் மேல் விழுந்ததோ அவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அந்த மாதமும் ஆகாது. அதுதான் கொடுமை.

பக்கத்து லயத்து அம்மா ஒருவரின் ஆடு அக்காவின் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. "ஆடுன்னா மேயத்தான் செய்யும், அது என்னா பள்ளிக்கூடம் போயா படிச்சிருக்கு?" என்றாராம் ஆட்டுக்காரி. "அப்படியா?" என்றார் அக்கா. செடி மறுபடி துளிர்த்தது. ஆட்டை விற்றாயிற்று. ஆட்டுக்காரியின் மகள் வளர்ந்து அவளுக்குக் கல்யாணமும் வந்தது. அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு மணமேடை ஏறி, மொய் கொடுக்கிற இடத்தில், பெண்ணின் அம்மா கையில் ஒரு பெரிய கறிவேப்பிலைக் கட்டை வைத்தார். "ஆட்டுக்கு," என்றார். சம்பந்தி வீட்டார் வெளியூர், கோப்பெங்கிலிருந்து வந்தவர்கள். "எந்த ஆடு?" என்று பந்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் மன்னிப்பார் என்பதற்கு நானே சாட்சி என்று நான் வெகுகாலம் நம்பினேன். மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளிக்கு எழுபதுகளின் நடுவில் தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்தவன் நான். தற்காலிகம் என்பது என் வேலைக்கு மட்டுமல்ல, என் அறிவியல் ஞானத்துக்கும் பொருந்தும். முந்தின நாள் படித்ததை மறுநாள் சொல்லிக்கொடுத்து, அதற்கு மறுநாள் மறந்துவிடுவேன். வந்த புதிதில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்த அக்காவிடம் அப்பம் வாங்கித் தின்றுவிட்டு, படித்தவன் வாய் சும்மா இருக்குமா, "நடுவுல கொஞ்சம் வேகலையே அக்கா?" என்றேன்.

"அப்படியா, வாத்தியாரே?" என்றார். வேறொன்று சுட்டுக் கொடுத்தார். பொன்னிற ஓரம், பஞ்சு நடு. அதன்பிறகு அவர் எனக்குக் கொடுத்த ஒவ்வொரு அப்பமும் அப்படித்தான் இருந்தது. என் பிழை மன்னிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அப்பத்தின் ரகசியம் கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்கள் பால்மரம் வெட்டப் போனதும், அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துக் கள்ளுக்கடையின் பின்பக்கம் போவார். கடைக்குப் பின்னால் ஒரு சின்னத் தென்னந்தோப்பு. கள் இறக்கும் அண்ணன் மரத்திலிருந்து கொண்டுவரும் மண்பானைகளையும், கள்ளை ஊற்றிவைக்கும் மரத் தோங்கையும் கழுவுவது அக்காவின் வேலை. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு செம்பு கள் வாங்கிப்போய் மாவில் ஊற்றிக் கரைத்து வைப்பார். விடிவதற்குள் மாவு பானையின் வாயைத் தாண்டிப் பார்க்கும்.

பானை கழுவுவதில் ஒரு முறை இருந்தது. தண்ணீர் விட்டு அலசலாம், தேய்க்கக் கூடாது. பானையின் உள்சுவரில் நேற்றைய கள் கொஞ்சம் தங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் இன்றைய பதநீர் மரத்தில் தொங்கும்போதே நுரைக்க ஆரம்பிக்கும். அக்கா இதை யாருக்கும் விளக்கியதில்லை. எல்லாரும் அப்படித்தான் கழுவினார்கள், அவரும் அப்படிக் கழுவினார்.

உள்சுவரில் தங்கியது என்ன என்று நான் பிற்பாடு ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய உயிரியல் புத்தகத்தில் படித்தேன். ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். அதுவும் நம்மைப்போலச் சர்க்கரையைத் தின்றுதான் பிழைக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் சர்க்கரையைக் கடைசித் துளிவரை எரித்து, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கி, உள்ளே இருக்கும் ஆற்றலை முழுதாக எடுத்துக்கொள்ளும். காற்று இல்லாத பானைக்குள் அது முடியாது. பாதி உடைத்து, கைப்பிடி ஆற்றலை எடுத்துக்கொண்டு, மீதியை வேண்டாம் என்று வெளியே தள்ளிவிடும். அந்த மீதிக்குப் பெயர் சாராயம். ஆற்றலில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு செல் தின்று மிச்சம் வைத்ததைத்தான் எங்கள் தோட்டத்து ஆண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. செல் தான் எடுத்த ஆற்றலை ஏ.டி.பி. என்ற சிறு மூலக்கூறில் ஏற்றிவைக்கிறது. அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒன்றையொன்று தள்ளும் குணம், ஆனால் ஒரே இடம். லயத்தில் ஒரே அறையில் மூன்று அண்ணன் தம்பிக் குடும்பங்களைக் குடிவைத்ததுபோல. கடைசியாள் வெளியேறியதும் உள்ளே இருந்த இறுக்கம் தளரும். அந்தத் தளர்வில்தான் செல்லின் வேலை நடக்கிறது. தசை சுருங்குவதும், நான் இப்போது பேனா பிடிப்பதும் அதனால்தான். ஆனால் இதைச் சேர்த்துவைக்க முடியாது. வந்த கணத்தில் செலவாகிவிடும். சேர்த்துவைக்க வேண்டும் என்றால் செல் சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்துக் கிளைக்கோஜன் என்று அடுக்கிவைக்கும், அல்லது கொழுப்பாக்கும். கொழுப்பைப் பற்றி நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, என் இடுப்பைப் பார்த்தாலே போதும்.

தோட்டத்தில் மற்றவர்களின் கோபம் ஏ.டி.பி. அக்காவுடையது கிளைக்கோஜன்.

அந்தக் கள்ளுக்கடையை நடத்தியவர் தமிழர்தான். ஆனாலும் சீன முதலாளிகளைக் கூப்பிடுவதுபோல அவரைத் "தவுக்கே" என்று கூப்பிட வேண்டும். அண்ணே என்று கூப்பிட்டால், கள் ஊற்றும் மங்குக் குவளையில் நுரை அதிகமாகவும் கள் குறைவாகவும் விழும். அதற்குமுன் துணிக்கடை வைத்திருந்தவர். கள்ளை அளக்கத் தெரியும், கள்ளைத் தெரியாது. வெள்ளைச் சட்டை, விபூதி. தோட்டத்தில் யார் வீட்டிலும் கை நனைக்காதவர். டீ கொடுத்தால்கூட "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்.

கூட்டம் அதிகமான நாட்களில் தோங்கில் தண்ணீர் சேர்ப்பார். எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, பின்பக்கக் கால்வாயில் மொண்டு ஊற்றினார். மறுநாள் பாதிப்பேர் வேலைக்குப் போகவில்லை. எங்கே போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை, லயத்துக் கழிவறைகள் முன்னால் பெரட்டு நடத்தியிருக்கலாம். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸர் விசாரிக்க வந்தார்.

நான் அப்போது பள்ளியில் இருந்தேன். நடந்ததை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்னிடம் ஒரே மாதிரி சொன்னார்கள். தவுக்கே பின்பக்கம் போய், பானை அலசிக்கொண்டிருந்த அக்காவை மணிக்கட்டைப் பிடித்துக் கடை வாசலுக்கு இழுத்து வந்தார். வாசலில் மங்கும் கையுமாக அத்தனை பேர். அவர் கையை மேலே தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கைதான் டிரஸர்! நகத்தப் பாருங்க. கழுவுறதே இல்ல, சும்மா அலசி வைக்கிறா. இதே கையாலதான் உங்க எல்லாருக்கும் அப்பமும் சுட்டுப் போடுறா!"

யாரும் கால்வாய் என்ற சொல்லைச் சொல்லவில்லை. டிரஸர் பானைகளை எட்டிப் பார்த்தார். உள்சுவர் வழுவழுப்பாக இருந்தது.

"இது என்னா? நல்லா தேச்சுக் கழுவணும்."

"சுண்ணாம்பு போட்டுக் கழுவச் சொல்றேன், டிரஸர்," என்றார் தவுக்கே. அக்காவைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டுச்சா? சுண்ணாம்பு போட்டு! வெள்ளையா இருக்கணும்! ஒரு பொட்டு அழுக்கு இருந்துச்சு, அவ்வளவுதான்!"

அக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"அப்படியா, தவுக்கே? சுத்தமா கழுவிடுறேன்."

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் அடுப்பு எரிந்தது, மாவு பொங்கியிருந்தது, வாங்க ஆளில்லை. வருடக்கணக்காக அந்தக் கையால் தின்றவர்கள் நேர் பார்வையாக நடந்து போனார்கள். குழந்தை ஒன்று கையை நீட்டியது. அதன் தாய் அந்தக் கையை மடக்கி இழுத்துப்போனாள். நான் வாங்கினேன். வீரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், எனக்குச் சமைக்கத் தெரியாது. மிச்ச மாவை அக்கா கால்வாயில் ஊற்றினார். ஊற்றும்போதுகூட அது நுரைத்துக்கொண்டிருந்தது.

அப்பம்தான் அவர் பிழைப்பு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பானை கழுவும் கூலி அரிசிக்கே காணாது. தோட்டத்தில் ஒரு பெண்ணின் கை அசுத்தம் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அந்தக் கை கோயில் பொங்கலில்கூட அரிசி அள்ள முடியாது. கையைத் தூக்கிக் காட்டிய அதே வாய், அதே ஆட்கள் முன்னால், வார்த்தையைத் திரும்ப எடுத்தாக வேண்டும். அது நடக்கும்வரை அவருக்கு அந்த லயத்தில் வாழ்வில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுப் பக்கம் போனேன். உள்சுவர் ஆணியில் ஒரு துண்டு வெள்ளைத் துணி நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் சாந்து மாதிரி ஏதோ பூசியிருந்தது.

"என்னக்கா இது?"

"கள்ளு மண்டி. தோங்கு அடியில இருந்தது. கழுவுறதுக்கு முன்னாடி வழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"விதைக்கு."

காய்ந்தால் செத்துப்போகும் என்று நினைத்தேன். சாகாது என்று புத்தகம் சொல்கிறது. பட்டினி வரப்போகிறது என்று தெரிந்தால் ஈஸ்ட் செல் கிடைக்கிற சர்க்கரையை உள்ளேயே கட்டிவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எழுந்து உட்காரும். எத்தனை நாளானாலும் காத்திருக்கும்.

பிறகு அக்கா சொன்னபடி செய்தார். கொதிநீர், தேங்காய் நார், டிரஸர் கொடுத்தனுப்பிய சுண்ணாம்பு. பானை பானையாகத் தேய்த்தார். உள்ளே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். தோங்கையும் விடவில்லை. தவுக்கே வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாக்கிற மாதிரி இருக்கு," என்றாராம்.

அன்று சாயங்காலம் முதல் மங்கைக் குடித்த ஆள் உதட்டை நக்கிப் பார்த்தான்.

"என்னா தவுக்கே, சக்கரத் தண்ணியா இருக்கு?"

"புதுசு லா. குடி, ஏறும்."

ஏறவில்லை. சுண்ணாம்புக் காரத்தில் எந்தச் செல்லும் வேலை செய்யாது. பதநீர் பதநீராகவே நின்றது. ஏறும் ஏறும் என்று இன்னொரு மங்கு, இன்னொரு மங்கு. ஏறாததோடு வயிற்றுக்குள் வேறு இறங்கியது. தோட்டத்து ஆண்கள் வரலாறு காணாத தெளிவோடு வீட்டுக்குப் போனார்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்தார்கள். ஒருவர் பள்ளிக்கு வந்து, "எம்மவன் எந்த வகுப்புல வாத்தியாரே?" என்றார். அவன் பள்ளியை முடித்து ரப்பர்க் காட்டுத் தீம்பாரில் பால் வெட்டிக்கொண்டிருந்தான், அவர் வெட்டும் வரிசைக்கு அடுத்த வரிசையில்.

தவுக்கே தென்னைக்குப் பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சை கட்டினார். கள் இறக்கும் அண்ணனைத் திட்டினார். காரணம் தெரிந்த அவரோ திட்டை வாங்கிக்கொண்டு மறுபடி மரம் ஏறினார். கூட்டம் சுங்காய்ப் பட்டணத்துக் கடைக்கு நகரத் தொடங்கியது.

அந்த வாரங்களில் அக்கா என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. அப்பம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு அப்பமும் சுடத் தெரியாது. பிஸ்கட் வாங்கிப்போனேன், "நீங்க சாப்புடுங்க வாத்தியாரே, ஏற்கெனவே ஒல்லியா இருக்கீங்க," என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது ஒல்லிதான். பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் ஈரலில் இருக்கும் கிளைக்கோஜனை எடுக்கும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் கொழுப்பு. அதுவும் குறைந்தால் தன் தசையையே கரைக்கும். அக்காவின் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஆனால் அந்தத் துணி ஆணியிலேயே இருந்தது. அவர் அதை எடுத்து, ஒரு கைப்பிடி மாவில் கரைத்து, ஒரே ஒரு அப்பம் தனக்குச் சுட்டுக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. பானை மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது.

கடைசியில் கள் இறக்கும் அண்ணன்தான் சொன்னார்.

"சுண்ணாம்பு அடிச்ச பானையில எப்படி தவுக்கே புளிக்கும்? நோன்பு புடிக்கிறவங்களுக்குத்தான் அப்படி இறக்கிக் குடுப்போம்."

"அடப்பாவி! முன்னமே சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கேக்கல லா."

தவுக்கே பின்பக்கம் ஓடினார். "நிறுத்து! பழையபடி கழுவு!"

"பழையபடின்னா, தவுக்கே?"

"அதான்... மேலாக."

"ஐயோ, அழுக்காவா? டிரஸர் திட்டுவாரே."

அன்றே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். தானே உட்கார்ந்து பானைகளைச் சுரண்டினார். மண்பானையின் மேனிக்குள் இறங்கிய சுண்ணாம்பு லேசில் வராது. வந்த பானைகளிலும் வேறு ஏதேதோ குடியேறிக் கள் அழுகிய வாடையோடு புளித்தது. குடித்தவர்கள் வாசலிலேயே துப்பினார்கள். பழைய மண்டி கொஞ்சம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், அது அக்கா வீட்டில் இருக்கும் என்றார் அண்ணன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பல வாரங்களுக்குப் பிறகு அடுப்பு எரிந்தது. பக்கத்தில் மாவுப் பானை பொங்கி வழிந்தது. ஆட்கள் பார்த்தும் பாராமல் நின்றார்கள். தவுக்கே வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"கொஞ்சம் மண்டி குடு."

அக்கா நிமிரவில்லை. கரண்டி மாவைச் சட்டியில் ஊற்றிச் சுழற்றினார், மூடினார், எடுத்தார். இலையில் வைக்கவில்லை. வெறும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"சாப்புடுங்க, தவுக்கே."

"நான் காலையில சாப்புடுறது இல்ல."

"அப்ப மண்டியும் இல்ல."

களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிராணி பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தவுக்கே அப்பத்தை எடுத்து ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

"முழுசா."

முழுதாகத் தின்றார். அடுத்தது தயாராக இருந்தது. அதையும் தின்றார். அதற்கடுத்ததும். கூட்டத்தில் ஒருவன், "தவுக்கே, எங்களுக்கும் மிச்சம் வைங்க லா!" என்றான். சிரிப்பு எழுந்தது.

"அவரு முடிக்கட்டும்," என்றார் அக்கா. சுட்டுக்கொண்டே இருந்தார். தவுக்கேயின் கண்ணில் நீர் வந்தது, சட்டையில் எண்ணெய் வடிந்தது, "போதும்" என்றார். அக்காவுக்குக் காது கேட்கவில்லை. இன்னும் சில அப்பங்கள் கழித்துத்தான் கேட்டது.

"கை எப்படி இருக்கு, தவுக்கே?"

"சுத்தம்."

"அவங்களுக்குக் கேக்கல."

"சுத்தம்! சுத்தமான கை! போதுமா?"

அக்கா மடியிலிருந்து மடித்த துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். அப்பம் வாங்க வரிசை நின்றது. அன்று மாவு மிஞ்சவில்லை.

தவுக்கேயின் கள் தேறவில்லை. துணியை ஊறவைத்தார், சர்க்கரை போட்டார், சாமி கும்பிட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. கடையை மூடிவிட்டுப் போனார். கள் இறக்கும் அண்ணனும் பிழைப்பு தேடிப் பாகான் டத்தோப் பக்கம் தென்னந்தோப்புக்குப் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த காலையில் நான் அக்காவின் அடுப்பருகே நின்றிருந்தேன்.

"அந்தத் துணியில விதை செத்துப்போச்சாக்கா?"

"ரெண்டா கிழிச்சேன், வாத்தியாரே. ஒண்ணு என் மாவுல இருக்கு. இன்னொன்ன கொதிக்க வச்சு, சுண்ணாம்புல ஊறப்போட்டு, காயவச்சுக் குடுத்தேன்." சட்டியைத் துடைத்தார். "சுத்தமா இருக்கணும்னு அவருதானே சொன்னாரு?"

"சரி, அந்த அண்ணன் பாவம் இல்லையா? அத்தனை வாரமும் அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கவே இல்லையே?"

"எங்கைய தூக்கிக் காட்டுனப்ப அவரு மரத்து மேல இருந்தாரு. தவுக்கே கால்வாயில மொண்டதயும் அங்க இருந்துதான் பாத்தாரு." கரண்டியை எடுத்தார். "எறங்கி வரல."

அடுப்பைவிட்டு அரை அடி தள்ளி நின்றேன். ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது, நான் அன்று பள்ளியில் இருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஒன்றும் பாக்கியில்லை.

அவர் எனக்கு ஒரு அப்பம் ஊற்றினார். மூடி போட்டார். அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். வழக்கத்தைவிட வெகுநேரம் மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து இலையில் வைத்து நீட்டினார். ஓரமெல்லாம் பொன்னிறம். நடு, அடுப்புக்கரி.

"நடு வெந்திருக்கா, வாத்தியாரே?"

"நல்லா வெந்திருக்கு அக்கா" என்று சொல்லி முழுதாகத் தின்றேன்.